உடுத்துவதற்கா, வைத்துப் பார்ப்பதற்கா?

அலமாரியை ஒழித்து அடுக்குவது பற்றிப் பேசும் எவரும் ஒரு விதியைத் தவறாமல் சொல்வார்கள்: கடந்த ஓராண்டில் எதை உடுத்தவில்லையோ, அதைக் கொடுத்துவிட வேண்டும். சாதாரண உடைகளுக்கு இது நல்ல விதிதான். சென்ற ஆண்டு வாங்கிய சட்டையைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்த நேர்ந்தாலும், ஏறக்குறைய அதைப் போன்ற இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். விண்டேஜ் உடைகளை, அதாவது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பழைய உடைகளை, சேர்ப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1940களில் கிரேப் என்ற சுருக்கத் துணியில் தைத்த ஒரு கவுன் கையை விட்டுப் போனால் போனதுதான். அதனால் அந்த விதியை நான் என் அலமாரியின் பக்கமே விடுவதில்லை. ஆனால் இதே நியாயத்தைப் பிடித்துக்கொண்டு எதையுமே வெளியே விடாமல் இருப்பவர்களும் எங்களிடையே உண்டு. அவர்களுடைய அலமாரியில் பழையதாக இருப்பதே ஒரு தகுதியாகிவிடுகிறது. காலர் கிழிந்ததும், கைக்குழி இறுகியதும், ஒரு காலத்திலும் தமக்கு ஏற்காத நிறத்தில் இருப்பதும் அந்த ஒரே தகுதியால் இடம்பிடித்து நிற்கின்றன.

என் கருத்தில், இப்படிப்பட்ட அலமாரியில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்து கிடக்கின்றன என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். ஒன்று, இன்றும் உடுத்தித் துவைத்து, கிழிந்தால் தைத்துக்கொள்ளக்கூடிய உடை. மற்றொன்று, உடுத்தும் வலிமையை இழந்துவிட்டாலும் அதன் வெட்டுக்காகவோ, வேலைப்பாட்டுக்காகவோ, முன்பு அதை அணிந்திருந்தவருக்காகவோ நாம் வைத்திருக்க விரும்பும் பொருள். முதலாவதற்குத் தேவை காற்றும் புழக்கமும். இரண்டாவதற்குத் தேவை இருட்டும் அசைவின்மையும். இரண்டையும் ஒரே கம்பியில் நெருக்கித் தொங்கவிட்டால், உடுத்தக்கூடியவை கண்ணில் படாமல் போகின்றன, காக்க வேண்டியவை ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உரசி நைகின்றன. ஆகவே ஒழிக்கும் வேலையில் நான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்பது, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்பதை அல்ல. பழைய உடைகளில் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் மகிழ்ச்சி தரத்தான் செய்கின்றன. இதை நான் உடுத்தப் போகிறேனா, காக்கப் போகிறேனா என்பதே கேள்வி. இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அது வேறொருவரிடம் போக வேண்டியது.

இந்தக் கேள்விக்கு நினைவாலோ ஆசையாலோ விடை சொல்ல முடியாது. துணிதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நேர்வெயில் விழாத நல்ல பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை மேல் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பது என் வழக்கம். முதலில் பார்ப்பது அக்குள் பகுதி. வியர்வையின் உப்பும் அமிலமும் இழையை, குறிப்பாகப் பட்டு இழையை, ஆண்டுக்கணக்கில் அரித்திருக்கும். வெளித்தோற்றத்தில் வெறும் நிறமாற்றமாகத் தெரிவது, விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் கிழிசலாகிவிடும். அந்தக் காலத்துப் பெண்கள் அக்குளில் தனியே ஒரு பட்டை வைத்து உடுத்தியதன் காரணம் இதுதான். இன்றும் அதைச் செய்வது நல்லது. அடுத்து, தையல்கள். நூல் மட்டும் இற்றிருந்தால் மறுபடி தைத்துவிடலாம், துணியே தையல் ஓட்டைகளின் வழியே பிரிந்திருந்தால் கதை வேறு. பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், முழங்கையிலும் உட்காரும் இடத்திலும் தேய்ந்து மெலிந்த பகுதிகள் சல்லடைபோல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனையில் மிகவும் வருத்தம் தருவது பழைய பட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகள் வரை, பட்டுக்குக் கனமும் சரசரப்பும் கூடுவதற்காக அதை உலோக உப்புகளில், பெரும்பாலும் வெள்ளீய உப்புகளில், முக்கியெடுக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. பட்டின் பிசினை நீக்கும்போது குறையும் எடையை ஈடுகட்டத் தொடங்கிய வழக்கம், நாளடைவில் எடைக்கு விற்கும் துணியில் எடையைக் கூட்டும் தந்திரமாகவே மாறிவிட்டது. அந்த உப்புகள் இழைக்குள்ளேயே தங்கி, ஒளியும் ஈரமும் படப்பட அதை முறித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் நூறாண்டுக்கு முந்தைய ஒரு கவுனின் பருத்தி உள்துணி திடமாக இருக்க, மேலே உள்ள பட்டு மட்டும் நீளநீளமாகக் கீறல் விட்டு உதிர்கிறது. இந்த உதிர்வை நிறுத்த வழியில்லை. ஒட்டுப்போட்டாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் கிழியும். இப்படிப்பட்ட உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் உடுத்தும் அலமாரியில் அதற்கு வேலை இல்லை. அதை மடிக்காமல் ஒரு பெட்டியில் படுக்கவைத்துக் காப்பதா, அதன் லேஸையும் பொத்தான்களையும் எடுத்துக்கொண்டு விடைகொடுப்பதா என்பதை மட்டும் முடிவுசெய்தால் போதும்.

எதையும் வெளியே அனுப்புவதற்கு முன் அதன் காலத்தைத் தோராயமாகவேனும் கணித்துவிடுவது நல்லது. எளிமையாகத் தோன்றும் ஒரு கவுன் அரியதாக இருக்கக்கூடும், ஆரவாரமாகத் தோன்றும் ஒன்று பிற்காலத்துப் போலியாகவும் இருக்கக்கூடும். ஜிப் இதற்கு நல்ல சாட்சி. கிடியன் சண்ட்பேக் இன்றைய ஜிப்பின் வடிவத்தை 1913இல் உருவாக்கினார், அதற்கான காப்புரிமை 1917இல் கிடைத்தது. ஆனால் பெண்களின் உடைகளில் அது பரவலானது 1930களில்தான். 1930களிலும் 1940களிலும் இடது பக்கத் தையலில் உலோக ஜிப் இருக்கும். பிறகு அது முதுகின் நடுவுக்கு நகர்கிறது. 1960களில் நைலான் ஜிப் உலோகத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்குகிறது. ஜிப்பை யாரும் பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. துவைக்கும் முறையைச் சொல்லும் நிலையான துணுக்கு உள்ளே தைக்கப்பட்டிருந்தால், அமெரிக்க உடையானால் அது பெரும்பாலும் 1972க்குப் பிந்தையது, ஏனெனில் அந்த ஆண்டில்தான் அங்கே அது கட்டாயமானது. தூய கம்பளியைக் குறிக்கும், நூல்கண்டு போன்ற வுல்மார்க் சின்னம் 1964இல் வந்தது. பிரிட்டனில் போர்க்காலக் கட்டுப்பாட்டின் கீழ் தைத்த உடைகளில் ‘சிசி41’ என்ற முத்திரை இருக்கும். துண்டு வெட்டியெடுத்ததுபோன்ற அதன் இரண்டு வட்டங்களைப் பார்த்து மக்கள் அதை இரண்டு பாலாடைக்கட்டிகள் என்று கிண்டலாக அழைத்தார்கள். 1941இல் தொடங்கிய அந்தத் திட்டம் 1952இல் முடிந்தது. இழையும் பேசும்: தையல் முழுவதும் பாலியஸ்டர் நூலாக இருந்தால், அந்த இழை கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல் என்பதால், 1930களின் கவுன் என்று சொல்லி விற்றவரை நம்ப வேண்டியதில்லை.

அளவு என்பது இன்னொரு பொறி. பழைய துணுக்கில் அச்சிட்ட எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தொடர்பே கிடையாது. அமெரிக்காவில் 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, அந்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டு 1958இல் ஒரு தரநிலையை வெளியிட்டார்கள். அதுவும் 1983இல் கைவிடப்பட்டது. இடையில் கடைகள் வாங்குபவரை மகிழ்விக்க எண்களைக் குறைத்துக்கொண்டே வந்துவிட்டன. எனவே எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். இஞ்சு டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, தோள், கைக்குழி ஆகியவற்றை அளந்து, நமக்கு நன்றாகப் பொருந்தும் ஓர் உடையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். 1950களின் கவுன்களில் இடுப்பு அவ்வளவு சிறுத்திருப்பதற்குக் காரணம் அந்தக் காலத்துப் பெண்களின் உடல் அல்ல, உள்ளே அணிந்த இறுக்கு உடை என்பதையும் மறக்கக் கூடாது. பழைய தையலில் ஒரு நன்மை உண்டு: பக்கத் தையல்களின் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். அந்தத் துணி இருந்தால், மடிப்புக் கோட்டில் நிறம் மங்கியிருக்காமல் இருந்தால், ஓர் அங்குலம் விட்டுத் தைத்துக்கொள்ளலாம். தோளும் கைக்குழியும் பொருந்தாவிட்டால் எந்தத் தையற்காரராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. என்றாவது மெலிந்த பிறகு உடுத்தலாம் என்று வைத்திருப்பவற்றை நான் காக்கும் பொருள்களோடும் சேர்ப்பதில்லை, உடுத்துபவற்றோடும் சேர்ப்பதில்லை. அவை வேறொருவருக்குச் சரியாக இருக்கும் என்பதால் அவற்றைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் குறைந்துவிட்டது.

துணைப்பொருள்களை ஒழிப்பதுதான் உண்மையில் கடினம், ஏனென்றால் அவை சிறியவை, இடத்தை அடைப்பதாகத் தோன்றுவதில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும் வல்லமை இவற்றில் சிலவற்றுக்குத்தான் உண்டு. பழைய சீப்புகள், கொண்டை ஊசிகள், விசிறிகள், வளையல்கள் பலவும் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது சிதையத் தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை நைட்ரிக் அமிலமாகி அருகில் உள்ள உலோகக் கொக்கிகளைப் பச்சை பூக்கவைக்கும், துணியை இற்றுப்போகவைக்கும், நல்ல நிலையில் உள்ள மற்றொரு செல்லுலாய்டையும் கெடுத்துவிடும். மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ, உள்ளுக்குள் நுண்ணிய விரிசல் ஓடினாலோ, சூடனை நினைவூட்டும் வாடை வழக்கத்துக்கு மாறாகத் தூக்கலாக அடித்தாலோ அந்தப் பொருளை உடனே பிரித்து, காற்றோட்டமான இடத்தில், வெப்பத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. காடி வாடை அடித்தால் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக். வெந்நீரில் சிறிது நேரம் காட்டி முகர்ந்தால் மருத்துவமனைக் கிருமிநாசினியின் வாடை வருவது பேக்கலைட். 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் மற்ற இரண்டையும்விட உறுதியானது, அதனால் என் பேக்கலைட் வளையல்கள் கவலையில்லாமல் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த வெந்நீர்ச் சோதனையைச் செல்லுலாய்டு என்று சந்தேகிக்கும் எதிலும் செய்து பார்க்க வேண்டாம்.

பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன கைப்பைகளுக்கும் ஆயுள் குறைவு. அவற்றை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து, பையை ஒட்டும் தன்மையுடையதாக்கிவிடும். இரண்டு பைகள் ஒன்றோடொன்று சாய்ந்திருந்தால் ஒன்றின் நிறம் மற்றதில் ஏறிவிடும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட காலணிகள் காற்றின் ஈரத்தாலேயே சிதைவதால், பெட்டியைத் திறக்காமல் பொக்கிஷமாக வைத்திருந்த புதுக்காலணிகூட முதல் நாள் நடையில் தூளாக உதிரலாம். முத்துமாலைகளை நான் தயங்காமல் வைத்துக்கொள்கிறேன், பட்டு நூல் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போட்டுப் புதிதாகக் கோத்துக்கொள்கிறேன். வாசனைத் திரவியமும் அமிலமும் முத்தின் மேற்பூச்சைக் கெடுக்கும் என்பதால் எல்லா ஒப்பனையும் முடிந்த பிறகே அணிவது. தொப்பிகளில் விளிம்பு தளர்ந்ததை ஆவிகாட்டி நிமிர்த்தலாம், இற்ற வைக்கோல் தொப்பியை எதுவும் செய்ய முடியாது. கையுறைகள், பெல்ட்டுகள், ஸ்கார்ஃபுகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜோடி இல்லாத கையுறையை மட்டும் ஜோடி கிடைக்கும் என்று காத்திராமல் கொடுத்துவிடுவது மேல்.

உடுத்துவதற்கு என்று முடிவானவற்றைச் சுத்தம் செய்யாமல் திரும்ப வைக்கக் கூடாது. என்றோ சிந்திய இனிப்புப் பானத்தின் கறை முதலில் கண்ணுக்கே தெரியாது. ஆண்டுகள் போகப் போக அந்தச் சர்க்கரை ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பேறித் திடீரென்று வெளியே வரும். பழைய பருத்தியும் லினனும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்போடு நீண்ட நேரம் ஊறுவதைத் தாங்கும், மஞ்சளேறிய வெள்ளைத் துணி அந்த ஊறலிலேயே பாதி தெளிந்துவிடும். ரேயான் அப்படியல்ல, நனைந்தால் அதன் வலிமை வெகுவாகக் குறைவதால், தண்ணீரிலிருந்து தூக்கும்போது தன் கனத்தாலேயே கிழியலாம். 1940களின் ரேயான் கிரேப் நனைந்தால் கண்ணெதிரே சுருங்கவும் செய்யும். 1930களின் சமிக்கிகள் பலவும் ஜெலட்டினால் ஆனவை, நீரிலும் சூட்டிலும் கரைந்து ஒட்டிக்கொள்ளக்கூடியவை. எந்த இழை என்று ஐயமிருந்தால் உள்மடிப்பிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். முடி கருகும் வாடை அடித்தால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலானால் பருத்தி, லினன் அல்லது ரேயான். உருகி உருண்டையானால் செயற்கை இழை.

கம்பளியில் சிறு துளைகள் தென்பட்டால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். பறக்கும் அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை, தின்பது அதன் புழு. அதற்குத் தேவை கம்பளி, பட்டு, தோல்மயிர், இறகு ஆகியவற்றில் உள்ள புரதம். பருத்தியையும் அது கடிக்கும், ஆனால் பெரும்பாலும் வியர்வையோ உணவோ பட்ட இடத்தில்தான். அந்துருண்டையை நான் சேர்ப்பதில்லை. அதன் ஆவி உடலுக்கு நல்லதல்ல, வாடை துணியை விட்டுப் போவதற்கு மாதக்கணக்காகும், சில வகைப் பிளாஸ்டிக் பொத்தான்களையும் அது கெடுக்கும். உடையைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறையவைத்து, வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காமல் இருப்பதே நம்பகமான வழி. பிளாஸ்டிக் வேலைப்பாடோ மணிவேலையோ உள்ளவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றைக் கையால் தூரிகை கொண்டு துடைத்துக் கண்காணிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சுவது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், நினைத்ததைவிடப் பயனுள்ளதாகவும் இருக்கும். அலமாரியைப் புதுப்பிப்பது என்றவுடன் பலர் வாங்கப் புறப்படுகிறார்கள். எனக்கோ ஊசிநூலோடு உட்காருவதுதான் புதுப்பித்தல். உடைந்த கொக்கியை மாற்றுவது, தளர்ந்த எலாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் புதிது கோப்பது, பிரிந்த கீழ்மடிப்பைக் கண்ணுக்குத் தெரியாத தையலில் ஏற்றுவது, நைந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய துணி வைத்து இழையோட்டுவது ஆகியவை முடிந்தால், பழுதுக்காக ஒதுங்கியிருந்த உடைகளில் பெரும்பாலானவை மீண்டும் புழக்கத்துக்கு வந்துவிடும். நல்ல நிலையில் உள்ள பழைய உடையை இன்றைய நாகரிகத்துக்காக வெட்டிக் குட்டையாக்குவதை நான் ஏற்பதில்லை. மடித்துத் தைத்தால் பின்னர் பிரித்துவிடலாம், வெட்டினால் முடியாது. ஏற்கெனவே பாதி பாழான உடையில் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை: கீழ்ப்பாதி கிழிந்த கவுனின் மேற்பாதி ஒரு ரவிக்கையாகலாம், மேற்பாதி போனதன் பாவாடை தனியே வாழலாம்.

சேர்த்து உடுத்துவதிலும் என் விருப்பம் தெளிவானது. தலை முதல் கால் வரை ஒரே பத்தாண்டில் உடுத்தினால் நாடக வேடம் போல் ஆகிவிடுகிறது, அதனால்தான் பலரின் நல்ல உடைகள் விழாவுக்காகக் காத்தபடி அலமாரியிலேயே கிடக்கின்றன. 1950களின் அகன்ற பாவாடையை இன்றைய எளிய பருத்திச் சட்டையோடு உடுத்தினால் வேலைக்கே போய்வரலாம். ஓர் ஆண்கள் கோட்டு, ஒரு பழைய புரோச், அவ்வளவே போதுமானது. ஒவ்வொரு உடைக்கும் அன்றாடம் உடுத்தக்கூடிய ஒரு சேர்க்கையாவது கண்டுபிடிக்க முடியவில்லையென்றால், அதை உடுத்துபவற்றில் சேர்த்தது சரிதானா என்று மறுபடி யோசிக்கிறேன்.

வெளியே போவதை எங்கே அனுப்புவது என்பதில் நேர்மை வேண்டும். விற்பதானால் கறை, கிழிசல், மாற்றிய ஜிப் எல்லாவற்றையும் படத்தோடு சொல்லிவிட வேண்டும், அங்குல அளவுகளைத் தர வேண்டும். அருங்காட்சியகங்கள் பழையதை எல்லாம் ஏற்பதில்லை. யார் உடுத்தியது, எங்கே, எப்போது என்ற வரலாறு உறுதியாக உள்ளவற்றையே அவை பெரும்பாலும் விரும்புகின்றன. ஆகவே அப்படி ஏதும் தெரிந்திருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடையோடு சேர்த்துக் கொடுப்பது, அது யாரிடம் போனாலும் பயன்படும். நாடகக் குழுக்களுக்குக் கொடுப்பதானால் திடமான துணிகளை மட்டும் கொடுக்கலாம், ஏனெனில் மேடையில் உடையை யாரும் பதமாகக் கையாள மாட்டார்கள். எதற்கும் உதவாததிலிருந்து பொத்தான், கொக்கி, லேஸ், பழைய நூல்கண்டுகளோடு பொருந்தும் துணித்துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். அவை அடுத்த பழுதுபார்ப்புக்குத் தேவைப்படும்.

திரும்ப அடுக்கும்போது கம்பி ஹேங்கர்கள் உள்ளே வரக் கூடாது. அவை தோளைக் குத்தித் துருக்கறையையும் விட்டுச் செல்லும். துணி சுற்றிய அகன்ற ஹேங்கரில் கோட்டுகளும் திடமான கவுன்களும் தொங்கலாம், ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளியோடு. பின்னல் ஆடைகள், இழைக்குச் சாய்வாக வெட்டிய கவுன்கள், மணிவேலையால் கனத்தவை எல்லாம் தங்கள் எடையாலேயே நீண்டு உருமாறும் என்பதால் அவை படுக்கையில்தான் இருக்க வேண்டும். மடிப்பு விழும் இடத்தில் அமிலமற்ற மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை மடிக்கும் இடத்தை மாற்ற வேண்டும். காக்கும் பொருள்களுக்குத் தனிப்பெட்டி, அதன் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல். பார்க்கத் தோன்றும்போதெல்லாம் எல்லாவற்றையும் கலைக்காமல் இருக்க அது உதவும். சலவைக் கடை தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிட்டு, துவைத்த பழைய பருத்தி விரிப்பால் மூடினால் போதும்.

இதற்குப் பிறகும் நான் வாங்கத்தான் செய்கிறேன், ஆனால் முன்போல் கண்ணில் பட்டதை அல்ல. அடுக்கி முடித்த அலமாரியில் எந்தப் பாவாடைக்குச் சட்டை இல்லை, எந்தக் கோட்டுக்குள் உடுத்த எதுவும் இல்லை என்பது தெளிவாகத் தெரிவதால், குறிப்பேட்டில் அவற்றின் அளவையும் நிறத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்; இப்போதைக்குத் தேடுவது கழுத்து உயர்ந்த ஒரு வெள்ளைப் பருத்தி ரவிக்கையும், மங்கிய பச்சையில் ஒரு குட்டைக் கம்பளி மேலங்கியும். வாங்கிய உடை எவ்வளவு சுத்தமாகத் தோன்றினாலும் முதலில் மூடிய பையில் தனியே இருக்கும். தையலும் அக்குளும் ஜிப்பும் பார்த்து, கம்பளியானால் உறையவைத்து எடுத்த பிறகே மற்றவற்றின் பக்கத்தில் தொங்கும்.